சுண்டு என்ற ஃபோல்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் ரிப்பேரே அல்ல, டாக்டர். மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ஃபைலும் இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கும். திறக்கப் பார்க்கிறவருக்கு அனுமதி இருக்காது, அவ்வளவுதான். எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். நான் இரண்டு வரி அடிப்பேன், திறந்துவிடும். கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் பிரிவில் வெகு காலமாக எனக்கு இதுதான் வேலை. யார் எதைத் திறக்கலாம், யார் எதில் கை வைக்கக் கூடாது என்று அமைத்துக் கொடுப்பது. பிரின்ஸிபாலே உங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் உள்ள போகணும் போல என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள்.

நீங்கள் கேட்டது என் மனைவியைப் பற்றி. அவள் ஏன் எந்நேரமும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், ஸ்பூனைக்கூட ஏன் தொட மறுக்கிறாள், "என் பொண்ண நான் ரெண்டு தடவ கொன்னுட்டேன்" என்று ஏன் சொல்கிறாள். மருந்தை மாற்றுவதற்கு முன் வீட்டில் நடந்தது தெரிய வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். நானும் ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன் அதையே கேட்பேன்.

இரண்டாவது தடவையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குத் தெரிந்த துறை.

எங்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் பெயர் வேறு, வீட்டில் சுண்டு. பிறந்த அன்று என் சுண்டுவிரலைப் பிடித்தவள் நர்ஸ் வந்து பிரிக்கிறவரை விடவில்லை, அதனால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. காலேஜில் கழித்துவிட்ட மெஷின். அதைக் கொண்டுவந்து துடைத்து, லினக்ஸ் போட்டு, என் மனைவிக்கு ஒரு கணக்கும் எனக்கு ஒரு கணக்கும் திறந்து வைத்திருந்தேன். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தாள். அவளுடைய ஃபோன் எப்போதும் நிரம்பி வழியும். சுண்டு தும்மினால் ஒரு வீடியோ, தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று ஒரு வீடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ஃபோனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, சுண்டு என்ற ஃபோல்டரில் போட்டு, ஃபோனைக் காலி செய்து கொடுப்பேன். இன்டர்நெட்டில் எங்கேயும் ஏற்றக் கூடாது என்பது நான் போட்ட விதி. குழந்தையின் முகம் ஊரான் மெஷினில் கிடக்க வேண்டாம் என்று. ஆகவே சுண்டு நடந்தது, பேசியது, பல் விழுந்து சிரித்தது, எல்லாமே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தன.

அவள் போன பிறகு என் மனைவி அந்த நாற்காலியில் குடியேறினாள் என்றே சொல்லலாம். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கேதான் போவாள். ஹெட்போன் கூட வேண்டாம். சத்தமாகவே வைத்துக் கேட்பாள். மாடிப்படியில் ஏறும்போதே என் காதில் சுண்டுவின் குரல் விழும். கதவைத் திறந்தால் குழந்தை இருக்க மாட்டாள். வேலை முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அடுப்பு பற்றவைக்கிறது நின்றுபோனது. நான் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவேன். "நான் அவகூட இருக்கேன், நீங்க சாப்பிடுங்க" என்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். என் அண்ணி ஒரு முறை வந்திருந்தார். அரை மணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இப்படியே விட்டீங்கன்னா இவளும் நமக்கு இல்ல."

நாற்காலியில் அவள், திரையில் குழந்தை. எனக்கும் பெண் போயிருந்தாள். அந்த ஹாலில் என்னை யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சுண்டு ஃபோல்டரின் உரிமையாளரை ரூட் என்று மாற்றினேன். ரூட் என்பது அந்த மெஷினில் எல்லாக் கணக்குகளுக்கும் மேலான கணக்கு. அதன் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. பிறகு chmod 000 என்று ஒரு வரி. படிக்க, எழுத, உள்ளே நுழைய, யாருக்கும் அனுமதி இல்லை என்று அர்த்தம். எதையும் அழிக்கவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். ஒரு அறையைப் பூட்டினேன். சில நாள் பூட்டியிருக்கட்டும், அவள் கொஞ்சம் சாப்பிடட்டும், தூங்கட்டும், பிறகு திறந்துவிடலாம் என்பதுதான் எண்ணம். அவளுடைய நன்மைக்காக.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் சத்தமே இல்லை. அவள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள். "சுண்டு திறக்க மாட்டேங்கறா."

குழந்தை போனதிலிருந்து அவள் என்னை என்னங்க என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதோடு என் முழங்கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துப் போனாள். திரையில் அனுமதி மறுக்கப்பட்டது என்று இருந்தது.

இரண்டு வரியில் திறந்திருக்கலாம். நான் உட்கார்ந்து, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து, டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை ஒன்றை ஓடவிட்டேன். அதற்கும் இந்தப் பூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரையில் வரி வரியாக ஓடினால் பார்க்கிறவர்களுக்குத் தெம்பு வரும், அது என் அனுபவம். அவள் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போயிடலியே? உள்ளதான இருக்கு?"

"உள்ளதாம்மா இருக்கு. எங்கயும் போகல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அது பொய் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் நாங்கள் இருவரும் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தோம். நான் வெறும் வயிற்றோடு வேலை செய்யக் கூடாது என்று அவள் சமைக்க ஆரம்பித்தாள். எனக்குப் போட்டுவிட்டு, அப்படியே நின்றபடி தானும் இரண்டு வாய் சாப்பிடுவாள். பிறகு டீ வரும். ஸ்டூலில் உட்கார்ந்தால் அவள் முழங்கை என் முழங்கையில் இடிக்கும், நகர்த்திக்கொள்ள மாட்டாள். அண்ணி அடுத்த முறை வந்தபோது வாசல்வரை என்னை அழைத்து, "தேறிட்டா, நீங்க தேத்திட்டீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. சிகிச்சை பலித்துக்கொண்டிருந்தது, டாக்டர். உங்கள் முறையில் சொல்வதானால் அப்படித்தானே?

நான் எதிர்பார்க்காத ஒன்று, அவள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் ls -l. ஃபோல்டரில் என்ன இருக்கிறது, யாருடையது, யாருக்கு என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும் கட்டளை. அவள் விரலைத் திரையில் வைத்துக் கேட்டாள்.

"மத்ததுக்கெல்லாம் எழுத்து எழுத்தா இருக்கு. சுண்டுவுக்கு மட்டும் ஏன் கோடு கோடா இருக்கு?"

"அனுமதி இருந்தா எழுத்து இருக்கும். இல்லேன்னா அந்த எடத்துல கோடு."

"எல்லாமே கோடா இருந்தா?"

"யாருக்கும் இல்லேன்னு அர்த்தம்."

"எனக்குமா? நான் அவ அம்மாங்க."

"அதுக்கு அம்மா அப்பால்லாம் தெரியாதும்மா. உரிமையாளர், குழு, மத்தவங்க. அவ்வளவுதான் தெரியும்."

"உரிமையாளர் யாரு அப்போ?"

"ரூட்."

"அது யாரு?"

"எல்லாத்துக்கும் மேல இருக்கறவன்."

அவள் விரலைத் திரையிலிருந்து எடுத்தாள். பிறகு கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். "அவன்தான் ஏற்கெனவே எடுத்துட்டுப் போயிட்டானே. வீடியோவையுமா விட்டுவைக்க மாட்டான்?"

அன்று திறந்துவிட நினைத்தேன். உண்மையாகவே. கை கீபோர்டின் மேல் போயும்விட்டது. அந்த நேரம் பார்த்து அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். தலைமுடியில் ஷாம்பு வாசனை இருந்தது. அவள் தலைக்குக் குளித்து எவ்வளவு நாளாகியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பூட்டியிருக்கும் ஃபோல்டரைத் தொட முடியாததால், அவள் தன் கணக்கிலேயே சின்னச் சின்ன ஃபோல்டர்கள் செய்து பழகினாள். அவற்றுக்கு அனுமதியைப் பிடுங்குவாள், திருப்பிக் கொடுப்பாள். ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் கையைத் தட்டினாள். "பாருங்க, நானே பூட்டி நானே தொறந்துட்டேன். இப்ப நான்தான் இதுக்கு ரூட்டு." சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுண்டுவினுடையது, சுண்டு அதை அவளிடமிருந்துதான் வாங்கியிருந்தாள். வாழ்க்கையில் என்னைச் சந்தோஷமான மனிதன் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய காலம் ஒன்று உண்டென்றால், இந்தச் சாயங்காலங்களைத்தான் சொல்வேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

பிரிண்டர் அக்கா வந்துதான் எல்லாம் கெட்டது.

பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வருவார். என்ன பழுது என்று கூப்பிட்டாலும் கடைசியில் பிரிண்டர் பிளக் கழன்றிருக்கும், அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் பிரிண்டர் அக்கா. என் மனைவி ஒரு மத்தியானம் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் இவள் வந்து, டீயைக்கூட மறந்துவிட்டு, என்னிடம் ஒப்பித்தாள்.

"அந்த அக்கா சொல்றாங்க, அனுமதி தானா மாறவே மாறாதாம். யாராவது மாத்துனாத்தான் மாறுமாம். எப்ப மாத்துனாங்கன்னு தேதி, நேரம் எல்லாத்தையும் அந்த மெஷினே சொல்லுமாம்."

"சில சமயம் தானாவும் மாறும்," என்றேன்.

"அப்படியா? அவங்க மாறாதுன்னாங்க." அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. என்னைச் சந்தேகிக்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பாக்கறேன்னாங்க. நீங்க தப்பா நினைச்சுக்கலியே? உங்களுக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியப்போகுது. இருந்தாலும் ரெண்டு பேரா பாத்தா நல்லதுதானேன்னு."

"வரட்டும், நல்லதுதான்."

"rm மட்டும் அடிச்சிடாதம்மா, அது அழிச்சிடும், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதுன்னு சொன்னாங்க. நான் ஏங்க அதப் போய் அடிக்கப்போறேன்?"

அந்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வழி தோன்றியிருக்காது. இதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு கையடக்க டிஸ்க்கில் ஏற்றி, ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் பழையபடியே பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். மறந்துபோனதாக அதுவரை சொல்லிவைத்திருந்த ரூட் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். "இவ்வளவு கத்துக்கிட்ட, உன் கையாலயே திற. நான் கடைக்குப் போய் காய் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். அவள் நாற்காலியிலிருந்தபடியே என் வயிற்றில் முகத்தை அழுத்திக்கொண்டாள். பிறகு கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு கீபோர்டுக்குத் திரும்பினாள்.

கடையில் நிதானமாகத்தான் பொறுக்கினேன். வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்து எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்து கிடந்தது. கட்டளைகளை அவள் சரியாகத்தான் அடித்திருந்தாள், டாக்டர். உரிமையாளரை மாற்றி, அனுமதியைக் கொடுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல். காலேஜில் என்னிடம் வேலை பழகுகிற பையன்கள் முதல் தடவை அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். ஃபோல்டர் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"தொறந்துச்சுங்க," என்றாள். "தொறந்துச்சு. ஆனா ஒண்ணும் இல்ல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

எனக்கு அந்த நேரம் போதும். அந்த மெஷினில் நாம் அடிக்கிற ஒவ்வொரு வரியும் பதிவாகும், மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரிகள் வரிசையாக வரும். ஆனால் பதிவு என்பது வெறும் எழுத்து. ரூட்டாக இருக்கிறவன் அதில் ஒரு வரியைச் சேர்க்கலாம். அவள் திறந்துவைத்த ஜன்னலை மூடினேன். அவளுடைய வரிகளுக்கு நடுவில் ஒரு வரி சேர்த்தேன். புதிய ஜன்னலைத் திறந்தேன். குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு பொருள் வெறுமனே காணாமல் போனால் தேடுவார்கள். இன்னார்தான் அழித்தார் என்று தெரிந்தால் யாரும் தேட மாட்டார்கள். பிரிண்டர் அக்கா மத்தியானம் வருவதாக இருந்தது.

அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் மேல் அம்புக்குறியை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன். அவசரப்படுத்தவில்லை. அந்த வரி வந்ததும் அவளே கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஆர்... எம்..." குழந்தை எழுத்துக் கூட்டுவது மாதிரி படித்தாள். கடைசியில் சுண்டு என்ற பெயர் இருந்தது. "இது நானா அடிச்சேன்?"

நான் அம்புக்குறியிலிருந்து விரலை எடுத்தேன்.

"நான் அடிக்கலியேங்க. அடிக்கக் கூடாதுன்னு அந்த அக்கா சொன்னது மனசுல ஓடிட்டே இருந்துச்சு. ஓடிட்டே இருந்துச்சுங்க. அப்ப... அதையே அடிச்சிட்டனா?"

"பதட்டத்துல விரல் போயிருக்கும். விடும்மா."

"காப்பி இருக்குதானே? நீங்க எல்லாத்துக்கும் காப்பி வச்சிருப்பீங்களே."

"காப்பி வச்சிருந்த டிஸ்க் போன வருஷமே கெட்டுப் போயிடுச்சு. சொன்னேனே."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடுங்க. உங்க பொண்ணையும் சேத்து அழிச்சிட்டேன்."

நான் மன்னித்தேன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குரலை உயர்த்தவில்லை. அண்ணியைக் கேளுங்கள், கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்கள், அந்த விஷயத்தில் நான் எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எல்லோருமே சொல்வார்கள்.

பிரிண்டர் அக்கா மத்தியானம் வந்தார். நான் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னேன். அழிந்ததையும் சில சமயம் மீட்கலாமே, ஒரு தடவை பார்க்கட்டுமா என்றார். எல்லாம் முயன்றாகிவிட்டது என்றேன். அவர் தோள் பையை மாற்றி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தொழிலே இதுதான்னு சொன்னாங்களே, சார்."

"ஆமா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

என் மனைவி அன்றைக்குத் தரையிலிருந்து எழுந்தபோதே கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டுதான் எழுந்தாள். வேலையை விட்டுவிட்டாள். சுவிட்சைத் தொட மாட்டாள், கதவைத் தொட மாட்டாள், தொட்டால் ஏதாவது அழிந்துவிடுமாம். நான்தான் தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறாள். என்னை விட்டு ஒரு அறை தள்ளிப் போனால்கூட, "எங்க இருக்கீங்க" என்று கூப்பிடுகிறாள். கைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

உங்கள் முகம் மாறுகிறது. பொறுங்கள். நான் அரக்கன் அல்ல. சனிக்கிழமை ஏற்றிய அந்தக் கையடக்க டிஸ்க் காலேஜில் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. குழந்தை முதல் அடி வைத்தது முதல் எல்லாம் அதில் இருக்கிறது. அவள் கொஞ்சம் தேறியதும், யாரோ நிபுணர் மீட்டுக் கொடுத்தார் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். எப்போது கொடுப்பது நல்லது என்று உங்களைக் கேட்கலாம் என்றும்தான் இன்று வந்தேன். எதுவும் அழியவில்லை.

ஒன்று அழிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை என்று அவள் சொல்வதும் அதில்தான் வருகிறது.

சுண்டுவுக்குக் காய்ச்சல் வந்த அன்று விடுமுறை நாள். காலையில் கட்டிலில் படுத்திருந்தாள். என் மனைவி வழக்கம்போல ஃபோனைத் தூக்கினாள். காய்ச்சலிலும் குழந்தை வேடிக்கை காட்டியது. "அம்மா, என் கழுத்து மடங்க மாட்டேங்குது, பாரேன், பொம்ம மாதிரி" என்று தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உருட்டியது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஹாலில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள், ஃபோன் ஓடிக்கொண்டே இருந்தது. "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

நான் காலேஜ் சர்வரில் ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "எதுக்கு இப்படிப் பதறுற? சாதாரணக் காய்ச்சல். இத முடிச்சுட்டு சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றேன். கீபோர்டுச் சத்தத்தோடு சேர்ந்து அந்தக் குரல் வீடியோவில் தெளிவாகவே விழுந்திருந்தது. நல்ல ஃபோன்.

சாயங்காலம் வலிப்பு வந்தது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார். அது எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான், உங்களுக்குத் தெரியாததா?

அந்த வீடியோவை மட்டும் என் மனைவி அதுவரை பார்த்ததில்லை. அந்தக் காய்ச்சல் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பாள். நான் ஃபோல்டரைப் பூட்டியதற்கு முந்தின சாயங்காலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு அந்தக் கடைசி வீடியோவையும் பாத்துடறேங்க. எத்தன நாளைக்குத்தான் பயந்துட்டே இருக்கறது." மறுநாள் காலை நான் பூட்டினேன். இரண்டும் அடுத்தடுத்து அமைந்தது தற்செயல். அவளுடைய உடம்புக்காகத்தான் செய்தேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். டிஸ்க்கில் ஏற்றும்போது அந்த ஒன்றை மட்டும் ஏற்றவில்லை. குழந்தை கஷ்டப்படுகிற காட்சி, யாருக்கு வேண்டும் அது.

பூட்டிய புதிதில் ஒரு முறை கேட்டாள். "அன்னைக்குக் காலைலயே போலாம்னு நான் கேட்டேன் இல்லீங்க? கேட்ட மாதிரிதான் இருக்கு."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

அந்த வீடியோ அப்போது பூட்டுக்குள்ளே இருந்தது. திறந்தால் பார்த்துவிடலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஃபோல்டர் காலியான பிறகு, "நாம சாயங்காலம் போலாம்னு இருந்துட்டோம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் அந்த நாம என்பது நான் என்று ஆகிவிட்டது. எப்போது ஆனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போது அவளுக்கு அந்தக் காலை முழுக்க ஞாபகம் இருக்கிறது. கட்டில், போர்வை, ஜன்னல் வெளிச்சம், குழந்தை கண்ணை உருட்டியது, தான் சொன்ன வார்த்தை, எல்லாம்.

"நான்தாங்க சொன்னேன். சாதாரணக் காய்ச்சல், சாயங்காலம் பாத்துக்கலாம்னு என் வாயாலதான் சொன்னேன்" என்று என் மடியில் விழுந்து அழுகிறாள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். மற்றபடி எதுவும் சொல்வதில்லை. அப்படி அழுகிறவளிடம் போய், நீ சொல்வது தப்பு என்று எப்படி வாதாடுவது, டாக்டர்?